கீழே நிற்பவள்

ஓட்டலின் சலவைக்கூடம் தரைக்குக் கீழே இருந்தது. உலர்த்தும் இயந்திரங்கள் மூன்றாம் மாடியில். இரண்டையும் கட்டியது ஒரே ஆள்தானா என்று அங்கே வேலைக்குச் சேர்கிற ஒவ்வொருவரும் ஒரு தடவையாவது கேட்பார்கள். நடுவில் லிஃப்ட் ஒன்று உண்டு. அது ஓடிய நாட்களைவிட அதன் கதவில் அட்டை தொங்கிய நாட்கள் அதிகம். பிழிந்த விரிப்புகள் நிறைந்த கூடையை ஆளுக்கு ஒரு கைப்பிடியாகப் பிடித்துக்கொண்டு இரண்டு பேர் படியேறுவது வழக்கம். டவுன் பஸ் டிரைவரின் இரண்டு பெண்களில் மூத்தவள் அங்கேதான் வேலை செய்தாள்; அவள் மட்டும் கூடையைத் தோளில் ஏற்றிக்கொண்டு தனியாகப் போவாள்.

"ஜோடிக்கு ஆள் தேடிக்கிட்டு நிக்கிற நேரத்துல ரெண்டு நடை போயிட்டு வந்துடலாம்" என்பாள்.

மாஸ்டரம்மா அவளை முதலில் பார்த்தது அந்தப் படிக்கட்டில்தான். கிழக்கே எங்கோ ஒரு தேசத்தில் சர்க்கஸ் குடும்பத்தில் பிறந்து, வித்தை காட்டியே பாதி உலகம் சுற்றி, பேச்சையும் போன இடங்களில் பொறுக்கிச் சேர்த்துக்கொண்ட பெண். ஊர்ப் பிள்ளைகளுக்கு வித்தை கற்றுத்தர நகர மன்றத்தார் அழைத்து, அந்த ஓட்டலில் தங்கவைத்திருந்தார்கள். லிஃப்ட் ஓடாததால் அவளும் படியில் இறங்கி வந்தாள். எதிரே கூடையோடு ஏறியவள் ஒதுங்கி வழிவிட்டு, பிறகு திரும்பிப் பார்த்து, "கீழ ஈரமா இருக்கும்மா, பாத்து இறங்குங்க" என்றாள். தலை முழுதாகத் திரும்பியது. கூடை திரும்பவில்லை. மாஸ்டரம்மா அதற்குமேல் இறங்கவில்லை. அவள் பின்னாலேயே மூன்றாம் மாடிவரை ஏறினாள்.

"உனக்குத் தம்பி தங்கச்சி யாராவது இருக்கா? ஒல்லியா, பயமில்லாம?"

"தங்கச்சி இருக்கா. அவளுக்குப் பயம் கிடையாது. மத்தவங்களுக்குத்தான் அவளால பயம்."

"கூட்டிக்கிட்டு வா."

அது நான்கு ஆண்டுகளுக்கு முன். இளையவளுக்கு அப்போது பதினொரு வயது. குளியலறைக் கதவின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மறுப்பது அவளுடைய அன்றாட வேலையாக இருந்தது. அம்மா ஒரேயடியாக மறுத்தாள். வீட்டிலேயே இஸ்திரி போட்டுக் கொடுக்கிற அம்மாவுக்கு, இஸ்திரி மேசைக்கு அந்தப் பக்கம் நின்று பேசினால் யாரும் எதிர்த்துப் பேச மாட்டார்கள் என்ற நம்பிக்கை உண்டு. மூத்தவள் எதிர்த்துப் பேசினாள். ஒரு வாரம் வீட்டில் பாத்திரங்கள் மட்டும்தான் பேசிக்கொண்டன. கடைசியில் அம்மா, "எக்கேடோ கெட்டுப் போங்க. ஆனா என்னைப் பாக்கக் கூப்பிடாதீங்க. பெத்த புள்ள அந்தரத்துல தொங்குறதப் பாக்க என் நெஞ்சு தாங்காது" என்றாள். அதன்பிறகு ஒருமுறைகூட அவள் கொட்டகைப் பக்கம் போனதில்லை. மூத்தவளும் கூப்பிட்டதில்லை.

கொட்டகை என்பது முன்பு பஸ்ஸுக்கு பாடி கட்டிக்கொண்டிருந்த இடம். தகரக் கூரை. மழை பிடித்தால் பக்கத்தில் நிற்பவனிடமும் கத்திப் பேச வேண்டும். தெருவில் முன்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு சைக்கிள் ஓட்டி எல்லாரிடமும் திட்டு வாங்கிய பையன்கள் வந்து சேர்ந்தார்கள். ஐஸ் ஆலையிலிருந்து இருவர் வந்தார்கள். நீல பிளாஸ்டிக் பீப்பாய்களைக் கவிழ்த்துப் போட்டுத் தாளம் தட்டுவதில் கெட்டிக்காரர்கள். தையல் கடையில் காஜா எடுக்கும் பெண்ணுக்கு, குச்சி நுனியில் தட்டைச் சுழற்றும் வித்தை மற்ற எல்லாருக்கும் முன்னால் கைவந்தது. பிரம்பும் காகிதமும் ஒட்டிச் செய்த சிங்க முகத்துக்குள் இருவர் புகுந்து ஒரே உடம்பாக ஆடுவதை மாஸ்டரம்மா சொல்லிக்கொடுத்தாள். மறுவாரமே சைக்கிள் பையன்கள் அந்தச் சிங்கத்தைச் சைக்கிளில் ஏற்றினார்கள். பின்காலுக்கு இருந்தவன் மிதித்தான்; முன்காலுக்கு இருந்தவன் வாயைத் திறந்து மூடினான்.

"எங்க தாத்தா பாத்தா உங்கள செருப்பால அடிப்பார்" என்று மாஸ்டரம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பிறகு அதை அப்படியே ஆட்டத்தில் வைத்துக்கொள்ளச் சொன்னாள்.

சகோதரிகளுக்குக் கிடைத்தது மூங்கில். இரண்டு ஆள் உயரம் இருக்கும். கீழே நிற்பவள் தோளில் துணிமெத்தை கட்டி, அதன்மேல் மூங்கிலை நிறுத்துவாள். மேலே போகிறவள் அதைப் பிடித்து ஏறி, உச்சியில் கட்டிய துணி வளையத்தில் காலை நுழைத்து, கையை விட்டு, உடம்பைக் காற்றில் நீட்ட வேண்டும். பார்க்கிறவர்கள் எல்லாரும் மேலே இருப்பவள்தான் தன்னைச் சமாளித்துக்கொள்கிறாள் என்று நினைப்பார்கள். அது தப்பு. மேலே இருப்பவள் சமாளிக்கவே கூடாது. ஆடினாலும் சாய்ந்தாலும் மரக்கட்டையாகக் கிடக்க வேண்டும். கீழே இருப்பவள் மட்டும் காலை நகர்த்தி, இடுப்பை நகர்த்தி, மூங்கிலை நேராக்குவாள். இருவரும் சமாளிக்கப் பார்த்தால் இருவரும் விழுவார்கள். இந்த ஒன்றைப் பழகத்தான் முதல் இரண்டு வருடம் போனது.

சைக்கிள் பையன்கள் மூத்தவளுக்குக் கடப்பாரை என்று பேர் வைத்தார்கள், நட்ட இடத்தில் நிற்கிறாள் என்பதால். இளையவள் பஞ்சு.

ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்கு மாற, கீழேயிருந்து மேலே ஒரு சைகை போக வேண்டும். மற்ற ஜோடிகள் 'ஏய்' என்று குரல் கொடுப்பார்கள். இவர்கள் அதுவும் இல்லாமல் பழகியிருந்தார்கள். மூத்தவள் மூச்சை உள்ளே இழுத்து நிறுத்துவாள். மூங்கில் நிற்கும். அது நின்றதை இளையவள் உள்ளங்காலில் அறிந்து அடுத்ததற்குப் போவாள். யாரும் சொல்லித் தந்ததில்லை.

அந்த வருடம் ஆட்டம் பெரிதாக நடப்பதாக இருந்தது. 'கிழக்கின் கலைகள், நம்ம தெருப் பிள்ளைகள்' என்று சுவரொட்டி ஒட்டியிருந்தார்கள். மேடையில் ஊர்ப் பிள்ளைகளைத் தவிர வேறு யாரும் ஏறக் கூடாது என்பது மன்றத்தாரின் நிபந்தனை. வெளியூர் சர்க்கஸ் கம்பெனி ஒன்றிலிருந்து பார்க்க வருகிறார்கள் என்றும் பேச்சு இருந்தது. அதைப் பற்றி மூத்தவள் அதிகம் யோசிக்கவில்லை. மழைக்காலம். ஓட்டல் விரிப்புகள் எத்தனை பிழிந்தாலும் கனத்தன.

ஆட்டத்துக்கு இரண்டு வாரம் இருக்கையில் ஒரு மாலைப் பயிற்சியில், இளையவள் முதல் நிலையை முடித்தாள். மூத்தவள் மூச்சை நிறுத்தினாள். மூங்கில் நின்றது. மேலே அசைவில்லை. மூச்சு முட்டும்வரை இருந்துவிட்டு அவள் விட்டபோது மூங்கில் லேசாக ஆடியது. அப்போதுதான் இளையவள் அவசரமாகக் கையை விட்டாள். மூத்தவள் எப்படியோ சமாளித்து அவளைக் கீழே கொண்டுவந்தாள். இறங்கும்போது இளையவளின் குதிகால் மூத்தவளின் காதில் உரசியது. மூத்தவள் மூங்கிலை வைப்பது இடத்தோளில். இளையவள் எப்போதும் தலை இல்லாத இடப்பக்கமாகத்தான் இறங்குவாள். அன்று வலப்பக்கமாக இறங்கியிருந்தாள்.

"எதுக்குடி மேல காத்துக்கிட்டு இருந்த?"

"யாரு காத்துக்கிட்டு இருந்தா?"

"நீதான்."

"கால் வழுக்குச்சு. ஈரம்."

"வளையத்துல என்னடி ஈரம்?"

"அக்கா, பசிக்குது. விசாரணைய வீட்டுல வச்சுக்கலாம்."

மறுநாளும் அப்படியே. அதற்கு அடுத்த நாளும். எதற்கோ காத்திருக்கிறாள், அந்த எதுவோ தன்னிடமிருந்து போகவில்லை என்பது மட்டும் மூத்தவளுக்குத் தெரிந்தது. தன் பிடியில்தான் பழுதோ என்று சலவைக்கூடத்தில் காலி வாளியை உள்ளங்கையில் நிறுத்தி நிறுத்திப் பார்த்தாள். மேற்பார்வைக்காரர், "வாளிக்குக் கல்யாணம் பண்ணப் போறியா?" என்றார்.

அந்த வாரம் ஒரு நாள் காலை பாய்லர் கெட்டுப்போனது. சுடுதண்ணீர் இல்லாமல் வேலை ஓடாது. நடுப்பகலிலேயே எல்லாரையும் வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். மழை தூறிக்கொண்டிருந்தது. மூங்கிலுக்கு எண்ணெய் தடவி வைக்கலாம் என்று மூத்தவள் கொட்டகைக்குப் போனாள். அந்த நேரத்தில் அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். இளையவளுக்குப் பகலில் டியூஷன்.

கதவு சாத்தியிருந்தது, தாழிடவில்லை.

உள்ளே மாஸ்டரம்மாவின் அண்ணன் மகன் நின்றுகொண்டிருந்தான். வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. மேளங்களுக்குத் தோல் மாற்ற வந்தவன் என்று சொல்லியிருந்தார்கள். பையன்கள் அவனை நெட்டையன் என்பார்கள். அவனுடைய வலத்தோளில் மூங்கில் இருந்தது. உச்சியில் இளையவள். கவிழ்த்த பீப்பாய் ஒன்றின்மேல் உட்கார்ந்து, மடியில் டப்பாவை வைத்து, முட்டைக்கு ஓடு உரித்தபடி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது அம்மா.

"முழங்கால மடக்காத" என்றாள் அம்மா. "வளையத்த இறுக்காத, சும்மா கிட. நீ ஒண்ணும் பண்ணாத. அவன் பாத்துக்குவான்."

எல்லாம் கொட்டகையின் பேச்சு. ஒரு நாளில் வாயில் வருகிற பேச்சு இல்லை.

நெட்டையன் சுட்டுவிரல் நகத்தால் மூங்கிலை இரண்டு தடவை தட்டினான். இளையவள் கையை விட்டாள்.

மேலே ஆள் இருக்கும்போது கீழே யாரும் குரல் கொடுக்கக் கூடாது என்பது கொட்டகையின் சட்டம். மூத்தவள் கதவருகே நின்றாள். இளையவள் உடம்பை நீட்டி, இந்தப் பக்கம் திரும்பி, அந்தப் பக்கம் திரும்பி, காலை உருவி, வலப்பக்கமாக இறங்கி, தரையைத் தொடும்வரை நின்றாள்.

முதலில் பார்த்தது அம்மாதான்.

"டியூட்டி முடிஞ்சுதா?"

"பாய்லர் கெட்டுப்போச்சு."

"அடடா." அம்மா கையிலிருந்த முட்டையைப் பார்த்தாள். "முட்டை சாப்பிடுறியா?"

"உன் நெஞ்சு எப்பலேருந்துமா தாங்குது?"

நெட்டையன் மூங்கிலைச் சுவரில் சாய்த்துவிட்டு, வணக்கம்போல ஏதோ செய்து வெளியே போய்விட்டான். இளையவள் கையிலிருந்த வெள்ளைப் பொடியைத் தட்டிக்கொண்டே இருந்தாள். பொடி எப்போதோ போய்விட்டிருந்தது.

அன்று மாலை வீட்டில் பேசினார்கள். அப்பா டியூட்டி முடிந்து வந்து, டவுன் பஸ் ஓட்டும் காக்கிச் சட்டையைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்தார். அம்மா இஸ்திரி மேசைக்கு அந்தப் பக்கம் நின்றாள். தேய்த்த சட்டைகள் அடுக்காக இருந்தன.

"அந்தக் கம்பெனிக்கு நெட்டையனத் தெரியும்" என்றாள் அம்மா. "மாஸ்டரம்மாதான் பேசினாங்க. இவளையும் அவனையும் ஜோடியா எடுத்துக்குறாங்களாம். படிப்பு, சாப்பாடு, தங்குற இடம் எல்லாம் அவங்களே பாத்துக்குவாங்க. ஆட்டத்த ஒரு தடவ நேர்ல பாத்துட்டுக் கூட்டிக்கிட்டுப் போறாங்க. ஆட்டம் முடிஞ்சதும் உன்கிட்ட சொல்லலாம்னு இருந்தோம்."

"இருந்தோம்னா? யாரெல்லாம்?"

அம்மா ஒரு சட்டையின் காலரை மறுபடி தேய்த்தாள். அது ஏற்கனவே தேய்த்த சட்டை.

"அப்பா, உனக்கும் தெரியுமா?"

"நான் டிரைவர்மா" என்றார் அப்பா. "எனக்கு ரோடுதான் தெரியும். பின்னால நடக்குற சண்டையெல்லாம் கண்டக்டர் விவகாரம்."

இளையவள் சிரித்துவிட்டாள். பிறகு உதட்டைக் கடித்துக்கொண்டாள். மூத்தவளுக்கு அந்தச் சிரிப்பிலிருந்துதான் புரிந்தது, அவளைத் தவிர மூன்று பேரும் சேர்ந்து இதைப் பற்றி எத்தனையோ தடவை பேசியிருக்கிறார்கள், சிரித்துக்கூட இருக்கிறார்கள் என்று.

"என்கிட்ட சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பேன்? காலப் புடிச்சு இழுத்திருப்பேனா?"

"கீழ நிக்கிறவ மனசு ஆடக் கூடாதுன்னு மாஸ்டரம்மா சொன்னாங்கக்கா."

"அப்ப என் மனசு ஆடாம இருக்கிறதுக்காகத்தான் டியூஷன் போன."

"அக்கா..."

"என்ன பாடம்டி நடத்துனான் நெட்டையன்? கணக்கா?"

"அவளத் திட்டாத" என்றாள் அம்மா. குரல் உயரவில்லை. "உனக்கு வலிக்கிற மாதிரிதான் சொல்றேன், கேட்டுக்க. கீழ நிக்கிறதுக்கு ஆள் கிடைக்கும். தோளு இருக்கிற யாரும் நிப்பாங்க. மேல நிக்க இந்த ஊருல இவ ஒருத்திதான். இவ போகட்டும்."

இஸ்திரிப் பெட்டியிலிருந்து ஆவி சீறியது. மூத்தவள் எழுந்தாள்.

"சரி. தோளு இருக்கிற யாரையாவது நிக்கச் சொல்லு."

மறுநாள் மாஸ்டரம்மா சலவைக்கூடத்துக்கே வந்தாள். லிஃப்ட் அன்றும் ஓடவில்லை. மூத்தவள் நிற்காமல் ஏறினாள். அவளும் மூச்சிரைக்கக் கூடவே ஏறினாள்.

"கோவம் நியாயம்தான். ஆனா நீ நிக்கலைன்னா வித்தையே கிடையாது. அவன் ஊர்ப் பையன் இல்ல, மன்றத்துக்காரங்க மேடையில விடமாட்டாங்க. கம்பெனிக்காரங்க வந்து எதப் பாப்பாங்க?"

"அப்ப சுவரொட்டிக்கு நான் ஊர்ப்பொண்ணு. ஊர விட்டுப் போறதுக்கு அவன்."

"ஆமா" என்றாள் மாஸ்டரம்மா. பொய் சொல்லும் அளவுக்கு அவளுக்கு இந்த ஊர்ப் பேச்சு வசப்பட்டிருக்கவில்லை.

"மேளத்துக்குத் தோல் மாத்த வந்தவன்னு சொன்னீங்க."

"மேளத்துக்கும் மாத்தினான்."

மூத்தவள் கூடையை இறக்கி, விரிப்புகளை ஒவ்வொன்றாக உதறி இயந்திரத்துக்குள் போட்டாள். மாஸ்டரம்மா படியிறங்கிப் போனாள்.

இரண்டு மாலைகள் அவள் பயிற்சிக்குப் போகவில்லை. மூன்றாம் மாலை, காஜாப் பெண் சலவைக்கூட வாசலில் வந்து நின்றாள். "அக்கா, உங்க எடத்துல சைக்கிள்காரன் நிக்கிறேன்னு நிக்கிறான். பஞ்சு மேல ஏறிடுச்சு. எனக்குப் பாக்க முடியல, வந்துட்டேன்" என்றாள்.

மூத்தவள் ஈர ஏப்ரனோடு போனாள். சைக்கிள்காரன் கெட்ட பையன் இல்லை. மூங்கிலை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, முகமெல்லாம் வியர்த்து, கால்களை ஒட்டி வைத்து நின்றிருந்தான். மேலே இளையவள் கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். மேலே இருப்பவள் கீழே பார்ப்பதை மூத்தவள் இந்த நான்கு வருடத்தில் பார்த்ததில்லை. இளையவள் இறங்கிய பிறகு போய் அவன் தோளிலிருந்து துணிமெத்தையை அவிழ்த்தாள்.

"தப்பா எடுத்துக்காத கடப்பாரை" என்றான் அவன். "எனக்கு இது வராது. சத்தியமா செத்துட்டேன்."

"கால அகட்டி வைக்கணும்டா, மடையா" என்றாள் மூத்தவள். இளையவளிடம் ஒன்றும் பேசவில்லை. அதன் பிறகு ஆட்டம்வரை பயிற்சிக்கு வந்தாள், நின்றாள், போனாள். அவள் பேசாதது அங்கே யாருக்கும் தொந்தரவாக இல்லை. வந்துவிட்டாளே என்பதுதான் எல்லாருக்கும் பெரிதாக இருந்தது.

ஆட்டத்தன்று மழை விட்டிருந்தது. மன்றத்து அரங்கில் நாற்காலிகள் போதாமல் ஜன்னல் விளிம்புகளிலும் உட்கார்ந்திருந்தார்கள். சிங்கம் சைக்கிளில் வந்தபோது பின்கால்காரன் மிதியைத் தவறவிட்டு முன்கால்காரன்மேல் சரிந்தான். சிங்கத்துக்கு இரண்டு வாலோ என்று யாரோ கத்த, அரங்கமே சிரித்து உருண்டது. காஜாப் பெண்ணின் தட்டுகளில் ஒன்று மட்டும் விழுந்தது. அவளுடைய கடை முதலாளி எழுந்து நின்று கைதட்டினார். முன்வரிசையில் அம்மாவும் அப்பாவும். அம்மா இஸ்திரி மடிப்பு கலையாத உடையில், கைப்பையை மடியில் வைத்து நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் குட்டை முடி வெட்டிய ஒரு பெண்; அவள்தான் கம்பெனிக்காரம்மா என்று திரைக்குப் பின்னால் சொல்லிக்கொண்டார்கள்.

"அடுத்து, நம்ம ஊரின் பெருமை" என்று ஒலிபெருக்கிக்காரர் அறிவித்தார். இளையவளைப் பற்றி நிறையச் சொன்னார். "உடன் அவரது சகோதரி" என்று முடித்தார்.

ஐஸ் ஆலைக்காரர்கள் பீப்பாய்களில் மெல்லத் தொடங்கினார்கள். மூத்தவள் காலை அகட்டி நின்றாள். மூங்கில் இடத்தோளில் அமர்ந்தது. இளையவளின் எடை ஏறியது. முதலில் இடுப்பு உயரத்தில், பிறகு தலைக்கு மேலே, பிறகு எட்டாத இடத்தில். மூத்தவளின் கண் உச்சியிலேயே இருந்தது. முதல் நிலை சரியாக முடிந்தது. கைதட்டல் வந்து அடங்கியது.

அடுத்தது இரண்டு கையையும் விட்டுவிட்டு உடம்பைப் படுக்கையாக நீட்டுவது. மூத்தவள் மூச்சை இழுத்து நிறுத்தினாள். மூங்கில் நின்றது.

இளையவள் போகவில்லை.

பீப்பாய்க்காரர்கள் தாளத்தை மேலே கொண்டுபோய்விட்டுக் காத்திருந்தார்கள். அவர்களில் ஒருவன் ஓரக்கண்ணால் பார்த்தான். இளையவள் காத்திருந்தாள், உடம்பு மூத்தவளின் தோளில் இருந்தது, கால் வேறெங்கோ காது கொடுத்துக்கொண்டிருந்தது. பயிற்சிகளில் இதைப் பொறுத்து, மூச்சை விட்டு, மறுபடி இழுத்து, எப்படியோ ஒப்பேற்றியாயிற்று. இப்போது மேலே பயமும் சேர்ந்துகொண்டது மூத்தவளுக்குத் தெரிந்தது. மூங்கில் அவள் அசைக்காமலே அசையத் தொடங்கியது. மேலே இருப்பவள் தானாகச் சமாளிக்கப் பார்க்கிறாள். இன்னும் ஒரு நொடி போனால் இருவரும் சமாளிப்பார்கள்.

மூத்தவள் சுட்டுவிரல் நகத்தால் மூங்கிலை இரண்டு தடவை தட்டினாள்.

பீப்பாய் முழக்கத்தில் அந்தச் சத்தம் அவளுக்கே கேட்கவில்லை. இளையவளின் காலுக்குக் கேட்டது. உடனே கை விட்டது, உடம்பு நீண்டது, அசைவெல்லாம் நின்றது. அடுத்த நிலைக்கும் மூத்தவள் தட்டினாள். அதற்கு அடுத்ததற்கும். நான்கு வருடத்தில் இத்தனை சுத்தமாக அவர்கள் அதைச் செய்ததில்லை. இளையவள் வலப்பக்கமாக இறங்கப்போகிறாள் என்று தெரிந்து மூத்தவள் தலையை முன்கூட்டியே சாய்த்துக்கொடுத்தாள்.

கைதட்டலுக்கு நடுவில் இளையவள் அவள் கையைப் பிடித்துக் குனிந்தாள். "அக்கா, இன்னைக்கு ஆடவே இல்ல" என்று காதருகே சொன்னாள். முகம் பூத்திருந்தது. அது யாருடைய தட்டல் என்று யோசிக்கவே அவளுக்குத் தோன்றவில்லை.

ஆட்டம் முடிந்ததும் திரைக்குப் பின்னால் ஒரே கூட்டம். சிங்க முகத்தைச் சின்னப் பிள்ளைகள் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். அப்பா சைக்கிள் பையன்களிடம், "என் பஸ்ஸுக்குப் பின்னால சக்கரத்தத் தூக்குனீங்க, அப்பறம் தெரியும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா டப்பாக்களோடு வந்தாள். மூத்தவள் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து தோள் மெத்தையின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். வியர்வையில் முடிச்சு இறுகிப்போயிருந்தது.

கம்பெனிக்காரம்மா நேராக அவளிடம் வந்தாள். சற்று விந்தி நடந்தாள். இளையவளைத் தாண்டித்தான் வர வேண்டியிருந்தது, தாண்டி வந்தாள்.

"நீதான் கீழ நின்னது?"

"ஆமா."

"நடுவுல அவ நின்னுட்டா. நீ என்னமோ பண்ணின. என்ன பண்ணினேன்னு கேக்கல, அது உங்களுக்குள்ள." குந்தி உட்கார்ந்து அவள் கால்களைப் பார்த்தாள். "இந்த மாதிரி கால் கிடைக்காது. நீ வரமாட்டேன்னு சொன்னப்ப எனக்கு ரொம்ப வருத்தமா இருந்துச்சு."

மூத்தவளின் விரல்கள் முடிச்சில் நின்றன.

"நான் சொன்னேனா?"

"அக்காவையும் தங்கச்சியையும் சேத்துத்தான் முதல்ல கேட்டோம். உனக்கு இஷ்டம் இல்ல, வீட்டோட இருக்கத்தான் பிடிக்கும்னு சொன்னாங்க. அதுக்கப்பறம்தான் அந்தப் பையன ஏற்பாடு பண்ணினோம்."

"யாரு சொன்னாங்க?"

கம்பெனிக்காரம்மா திரும்பிப் பார்த்தாள். அவள் பார்வை அம்மாவின்மேல் நின்றிருந்தால் மூத்தவளுக்கு அது புதிதாக இருந்திருக்காது. அது அம்மாவைத் தாண்டிப் போய் இளையவள்மேல் நின்றது. அம்மா டப்பா மூடியைத் திறந்து மறுபடி மூடினாள். இளையவள் கூட்டத்துக்குள் நழுவிப் போக வழி இருந்தது. அவள் நின்ற இடத்திலேயே நின்றாள்.

"யாராவது அம்மாகூட இருக்கணும்லக்கா" என்றாள், மிகச் சின்னக் குரலில். பிறகு, யாரும் கேட்காமலே, "நீ வந்தா அங்கயும் நீதான் என்னைப் பாத்துக்குவ. அங்கயும் நான் உன் தங்கச்சியா மட்டும்தான் இருப்பேன்" என்றாள்.

கம்பெனிக்காரம்மாவுக்கு ஏதோ விளங்கியது, ஏதோ விளங்கவில்லை. "இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல" என்றாள். "அந்த நெட்டைப் பையனுக்கு வேற ஆட்டம் இருக்கு. உன் வாயால சொல்லு. வர்றியா?"

அப்பா பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பினார். அம்மா டப்பாவைப் பிடித்தபடி நின்றாள். மூத்தவள் யாரையும் பார்க்கவில்லை. தங்கையை மட்டும் பார்த்தாள். இளையவள் அவளைப் பார்க்கவில்லை. கழுத்து நரம்பு எழுந்து, தோள் இரண்டும் காதை நோக்கி ஏறி, மார்பு அசையாமல் இருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அது எதற்கான மூச்சு என்று மூத்தவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

முடிச்சு அவிழ்ந்தது. மெத்தையை மடித்துப் பக்கத்தில் வைத்தாள்.

"என் தங்கச்சி பொய் சொல்லமாட்டா" என்றாள். "அவ சொன்னா சரியாத்தான் இருக்கும்."

இளையவள் மூச்சை விட்டாள். இத்தனை பேர் சத்தத்துக்கு நடுவிலும் அது மூத்தவளுக்குத் தெளிவாகக் கேட்டது.

"வாங்க வாங்க, எல்லாரும் சாப்பிடலாம்" என்று அம்மா உரக்கச் சொன்னாள். அவள் குரல் பல நாட்களுக்குப் பிறகு பழையபடி ஆகியிருந்தது. "ஆறிப்போயிடும். உனக்கு ரெண்டு முட்டை வச்சிருக்கேன், மூத்தவளே, வா."